புதுச்சேரிக்குக் கப்பல் புறப்பட்ட கரை

பிரான்ஸுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பாரிஸைப் பார்த்துவிட்டு அப்படியே சுவிட்சர்லாந்துக்கு ரயிலேறிவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது அதற்கு எதிர்த்திசை. பாரிஸில் மோன்பர்னாஸ் நிலையத்தில் ஏறி மேற்கே போனால், நிலம் முடிந்து அட்லாண்டிக் தொடங்குகிற மூலையில் பிரிட்டனி இருக்கிறது. பிரிட்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பிரான்ஸின் ஒரு மாகாணம். கருங்கல் வீடுகள், கலங்கரை விளக்கங்கள், எந்நேரமும் காற்று, அரை மணிக்கு ஒருமுறை மாறுகிற வானம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கரையோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. நம் ஊர் வெள்ளைக்கார வீதிகளில் பெயர்ப் பலகைகளாக நிற்கிறவர்களில் சிலர் பிறந்தது இங்கேதான். சோழமண்டலக் கரையில் நெய்து, சாயமேற்றி, பொதி கட்டி அனுப்பிய துணி வந்து இறங்கியதும் இங்கேதான். அழகான கடற்கரை என்பதற்காக மட்டுமே இங்கே வந்து போனால் பாதியைத்தான் பார்த்ததாகும்.

நான் தங்கியது ரென் நகரத்தில், சித்தப்பா வீட்டில். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. காரை அவர்தான் ஓட்டினார். எங்கே கிளம்பினாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி, "ஏம்மா, தண்ணி நேரம் பாத்தியா?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ ஓதத்தின்போது, அதாவது கடல் தினமும் ஏறி இறங்கும்போது, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் அதிகம். பிரிட்டனியின் வடகரையில் இருக்கிற சேன் மாலோ ஊரில் அது பெரிய ஓத நாட்களில் 12, 13 மீட்டர் வரை போகும். நான்கு மாடி உயரம். அட்லாண்டிக்கில் இருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் புகுகிற ஓத அலையை கொத்தாந்தான் தீபகற்பம் குறுக்கே நின்று தடுக்கிறது. ஆழம் குறைந்த, குறுகிக்கொண்டே போகிற வளைகுடாவுக்குள் சிக்கிய தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. மீனவர்களும் மாலுமிகளும் வைத்திருக்கிற கணக்கு இது: முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. 12 மீட்டர் ஏறுகிற நாளில் மூன்றாவது மணியில் மட்டும் 3 மீட்டர் தண்ணீர் ஏறிவிடும். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தானே வருகிறது" என்று அசந்து நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கரையில் சின்ன ஓத அட்டவணைப் புத்தகம் விற்காத கடையே கிடையாது. ஒவ்வொரு நாளின் ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். நூறைத் தாண்டினால் ஊரே கரைக்கு வந்து வேடிக்கை பார்க்கும்.

சேன் மாலோவில் வற்றத்தின்போது கடல் பின்வாங்கிய காட்சியை முதலில் பார்த்தபோது சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2004 டிசம்பரில் அவர் கடலூர்ப் பக்கம் இருந்தவர். கடல் உள்வாங்குவது என்பது எங்களுக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்துகிறது. இங்கே அது தினம் இரண்டு முறை, நிமிடக் கணக்கோடு, அச்சடித்த அட்டவணைப்படி நடக்கிறது. குழந்தைகள் வாளியோடு ஈர மணலில் நண்டு தேடுகிறார்கள். சித்தப்பா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் உள்ளே நடந்தார். திரும்பி வரும்போது சித்தி கை நிறைய சிப்பி வைத்திருந்தார்.

சேன் மாலோவின் கோட்டைச் சுவர் மேலேயே ஊரைச் சுற்றி நடக்கலாம். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் கருங்கல் வீடுகளின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கடல். அந்த வீடுகள் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள் போலத் தெரிந்தாலும் பெரும்பாலானவை போருக்குப் பின் கட்டியவை. 1944 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சிலும் பீரங்கித் தாக்குதலிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரில் ஏறத்தாழ எண்பது சதவீதம் அழிந்தது. மதில் மட்டும் பெருமளவு தப்பியது. ஊர்க்காரர்கள் புது மோஸ்தரில் கட்ட மறுத்து, அதே கருங்கல்லில், அதே கூரைச் சாய்வில், அதே வீதி வளைவுகளோடு மறுபடி எழுப்பினார்கள். இதைப் போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதை இவ்வளவு பிடிவாதமாக நினைவில் வைத்திருந்தவர்களிடம் மரியாதைதான் வருகிறது.

போன் செக்கூர் கடற்கரையில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. கடலுக்குள்ளேயே மூன்று பக்கம் சுவர் எழுப்பி, ஓதம் ஏறும்போது தானாக நிரம்புகிற மாதிரி 1930களில் கட்டியது. வற்றத்தில் கடல் தொலைவுக்குப் போய்விட்டாலும் குளத்தில் தண்ணீர் நிற்கும். ஏற்றத்தில் குளத்துச் சுவர் முழுகி, குதிக்கும் மேடை மட்டும் நடுக்கடலில் நிற்கும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை போய் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அதே கடற்கரையில் இருந்து வற்றத்தின்போது கிராண் பே என்ற பாறைத்தீவுக்கு நடந்து போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியான் இந்த ஊரில் 1768இல் பிறந்து 1848இல் பாரிஸில் இறந்தவர். அவர் விரும்பியபடியே அந்தத் தீவின் கடல் பார்த்த முனையில் புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் பெயர் கிடையாது. ஒரு கல் சிலுவை, ஒரு பலகைக்கல், சுற்றிலும் சின்னக் கம்பிவேலி. கடலையும் காற்றையும் மட்டுமே கேட்டுக்கொண்டு கிடக்க விரும்பினார், வழிப்போக்கரே அந்த விருப்பத்தை மதியுங்கள் என்ற பொருளில் பக்கத்துச் சுவரில் எழுதியிருக்கிறது. நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அங்கே வந்தது. அவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

சேன் மாலோ கடலோடிகளின் ஊர். 1534இல் கனடாக் கரைக்குப் பயணப்பட்ட ஜாக் கார்த்தியே இந்த ஊர்க்காரர். மன்னரின் அனுமதிச் சீட்டோடு எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்கிறவர்களை இங்கே கோர்சேர் என்பார்கள். அதில் பெயர் பெற்றவர் சுர்கூஃப். அவருக்கு மதிலோரம் வெண்கலச் சிலை, கை கடலை நோக்கி நீண்டிருக்கும். அவருடைய பெரிய வேட்டை நடந்தது நம் வங்காள விரிகுடாவில். 1800 அக்டோபரில், தன் கப்பலைவிடப் பல மடங்கு ஆள்பலம் கொண்ட 'கென்ட்' என்ற ஆங்கிலக் கம்பெனிக் கப்பலைப் பிடித்தார். அடிமை வணிகத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. சிலையைப் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் சேன் மாலோக்காரர்களில் நம் கதைக்கு மிக நெருக்கமானவர் மாஹே தெ லா பூர்தொனே. பிறந்தது 1699. பத்து வயதிலேயே கடலுக்குப் போனவர். 1735இல் மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் ஆளுநராகி, போர்ட் லூயிஸ் துறைமுகத்தை உருவாக்கினார். அந்த வேலைக்குக் கொத்தனார்களையும் தச்சர்களையும் புதுச்சேரியில் இருந்துதான் அழைத்துப் போனார். மொரீஷியஸ் தமிழர்களின் கதையில் ஒப்பந்தக் கூலிகளின் காலத்துக்கு நூறு ஆண்டு முன்பே இந்தக் கைவினைஞர்கள் வருகிறார்கள்.

1746 ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிவிட்டு அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஆளுநர் டூப்ளேவுக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் இருந்தே ஒத்துப்போகவில்லை. யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதில் தொடங்கிய உரசல் அது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இந்த மாதங்கள் நன்றாக நினைவிருக்கும். கப்பல் வந்த செய்தி, வேட்டுச் சத்தம், யார் முகத்தில் என்ன தெரிந்தது என்பது வரை எழுதி வைத்த மனிதர் அவர். செப்டம்பரில் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு நகரத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்பது அவருடைய ஏற்பாடு. டூப்ளே அதை ஏற்கவில்லை. தகராறு முடிவதற்குள் அக்டோபர் நடுவில் புயல் அடித்து அவருடைய கப்பல்களில் பலவற்றை நாசமாக்கியது. நம் கரையில் ஐப்பசி பிறக்கும்போது திறந்த கடலில் கப்பலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது பாஸ்தீய் சிறை. லஞ்சம் வாங்கினார் என்று குற்றச்சாட்டு. ஏறத்தாழ மூன்று ஆண்டு உள்ளே இருந்தார். எழுத எதுவும் தராததால், வெள்ளைக் கைக்குட்டைகளை அரிசிக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்கி, காப்பித் தூளில் மை செய்து தன் தரப்பை எழுதினார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1751இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார், 1753இல் இறந்துபோனார். புதுச்சேரியில் லாபூர்தொனே வீதி வழியாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த மனிதர் விளையாடிய மதிலோரத்தில் நின்றபோது, சென்னை, நாகப்பட்டினம், மொரீஷியஸ் எல்லாம் இந்தச் சின்ன ஊரின் வாசலில் இருந்து ஒரே கோட்டில் தெரிகிற மாதிரி இருந்தது.

சேன் மாலோவில் இருந்து தினார் போகிற சாலை ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஓர் அணை மேலே போகிறது. ஓதத்தில் இருந்து மின்சாரம் எடுக்கிற நிலையம் அது. 1966இல் திறந்தது. 24 டர்பைன்கள், 240 மெகாவாட். தென் கொரியாவில் 2011இல் ஒன்று வரும்வரை உலகிலேயே பெரியது இதுதான். கான்காலுக்கும் போனோம். அங்கே துறைமுகத்தோரம் சிப்பி விற்கிறார்கள். உடைத்த சிப்பியை எலுமிச்சை பிழிந்து அங்கேயே உறிஞ்சிவிட்டு, ஓட்டைக் கடற்கரையில் எறிகிறார்கள். சித்தப்பாவுக்கு ஒரு டஜன் போதவில்லை.

எனக்குப் பிடித்த சாப்பாடு கலெத். கருங்கோதுமை என்று இவர்கள் சொல்கிற பக்வீட் மாவில் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துக் கரைத்து, பிலிக் என்ற வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, ரோசெல் என்ற மரத் தகட்டுக் கம்பால் இழுத்துப் பரப்புகிறார்கள். நம் கேழ்வரகு தோசை மாதிரியே ஓரம் மொறுமொறுவென்று வரும், நடுவில் மெத்தென்று இருக்கும். மண்வளம் குறைந்த இந்த மாகாணத்தில் கோதுமை சரியாக வராத இடத்திலும் இது விளைந்ததால் ஏழைகளின் சாப்பாடாக இருந்தது. சைவக்காரர்கள் காளானும் சீஸும் வைத்துக் கேட்டால் செய்து தருவார்கள். கூடவே ஆப்பிள் சிடரைக் களிமண் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். வெண்ணெய் என்றால் இங்கே உப்புப் போட்ட வெண்ணெய்தான், வேறு பேச்சே கிடையாது.

தெற்குக் கரைக்குப் போகும் வழியில் பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் வர ஆரம்பிக்கும். மேலே பிரெஞ்சு, கீழே பிரெத்தோன். பிரெத்தோன் பிரெஞ்சின் வட்டார வழக்கு அல்ல. வெல்ஷ் மொழிக்கு உறவான கெல்டிக் மொழி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தினார்கள். அடுத்த பிள்ளை பேசி மாட்டும்வரை அது கழுத்தில் இருக்கும். இப்படிப்பட்ட சில தலைமுறைகளில் வீட்டுப் பேச்சே மாறிவிட்டது. 1977இல் பெற்றோர்கள் சேர்ந்து திவான் என்ற பெயரில் பிரெத்தோன் வழிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள், அவை இன்றும் நடக்கின்றன. இவ்வளவு இழந்த பிறகும் விடாமல் பிடித்திருக்கிறார்களே என்று அந்தப் பலகைகளைப் பார்க்கப் பார்க்க மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

கர்னாக்கில் ஏறத்தாழ மூவாயிரம் நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆறாயிரம் ஆண்டுக்கும் பழமையான ஏற்பாடு. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையில் வழிகாட்டியோடுதான் கற்களுக்கு நடுவே போக முடியும், குளிர்காலத்தில் தாராளமாக நடக்கலாம். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் அதற்குள் லோரியானுக்குப் போய்விட்டிருந்தது.

லோரியானை அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் இந்த ஊரை எரித்துத் தீர்த்தன. ஜெர்மானியர் கெரோமானில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் கூடத்தின் கான்கிரீட் கூரை மீட்டர் கணக்கில் தடிமன். குண்டு அதைத் துளைக்கவில்லை. கூடத்தைச் சுற்றியிருந்த ஊர்தான் போனது. இன்று இருப்பது போருக்குப் பின் அவசரமாக எழுப்பிய சதுரமான கட்டடங்கள். பயண வழிகாட்டிகள் பலவும் இந்த ஊரை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன.

நமக்கு அப்படித் தாண்ட முடியாது. 1664இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். 1666இல் பதினான்காம் லூயி மன்னர் இந்தச் சதுப்புக் கரையில் கம்பெனிக்கு இடம் கொடுத்தார். கப்பல் கட்டும் தளமாகத் தொடங்கி, கீழ்த்திசை வணிகத்துக்காகவே எழுந்த ஊர் இது. பெயரே கிழக்கு என்றுதான். கப்பல்கள் குளிர்காலத்தில் இங்கிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்கா முனையைச் சுற்றி, மொரீஷியஸில் இளைப்பாறி, தென்மேற்குக் காற்றைப் பிடித்துப் புதுச்சேரிக்கு வர ஆறு மாதம் போல ஆகும். சீதபேதியிலும் ஸ்கர்வியிலும் வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தாலும் நம் கரையில் துறைமுகம் கிடையாது. நங்கூரம் போட்டு வெளியே நிற்க, நம் ஆட்கள் சலங்குப் படகுகளில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் மனிதர்களையும் இறக்கி ஏற்றுவார்கள். 1734 முதல் கம்பெனியின் பெரிய ஏலங்கள் எல்லாம் லோரியானில்தான் நடந்தன. கேரளக் கரை மாஹே ஊரின் மிளகு, மோக்காவின் காப்பி, சீனத்துப் பீங்கான், தேயிலை, அப்புறம் பொதி பொதியாக நம் துணி.

லோரியானில் இருந்து துறைமுகத்தின் குறுக்கே ஒரு சின்னப் படகு போகிறது. டவுன் பஸ் மாதிரி ஊர்க்காரர்கள் சந்தைக்கும் வேலைக்கும் அதில்தான் வருகிறார்கள். இறங்குகிற இடம் போர் லூயி. துறைமுக வாயிலில் உட்கார்ந்திருக்கிற கோட்டை 1590களில் ஸ்பானியர் தொடங்கி, பதின்மூன்றாம் லூயி காலத்தில் முடிந்தது. கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகம் இருக்கிறது.

கப்பல் மாதிரிகள், வரைபடங்கள், பீங்கான் தட்டுகள் எல்லாவற்றையும் ஆர்வத்தோடுதான் பார்த்தேன். ஆனால் நம் கரைத் துணிகளுக்கு முன்னால் வந்ததும் கால் நகரவில்லை. வெள்ளைப் பருத்தி, அதில் வளைந்தோடும் கொடிகள், சிவப்புப் பூக்கள், அங்கங்கே நீலம். இருநூற்றைம்பது, முந்நூறு ஆண்டு ஆகியும் அந்தச் சிவப்பு அப்படியே இருக்கிறது. கறுப்புக் கோடுகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் சில இடங்களில் கோடே இல்லை, நூல் அரித்து மெல்லிய பிளவாக இருக்கிறது. கறுப்புக்கு இரும்புக் கரைசல் போடுவார்கள். காலப்போக்கில் இரும்பு நூலைத் தின்றுவிடும். சிவப்பைச் செய்த கை நல்ல பொருளைப் போட்டது, அதனால் நின்றது.

அந்தச் சிவப்பின் வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பால் கொழுப்பு இருப்பதால் எழுதும்போது சாயம் பரவாது. பிறகு சிவப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் மூங்கில் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அந்த நேரத்தில் துணியில் நிறமே தெரியாது. அதன் பிறகு நம் கடலோர மணலில் விளைகிற சாயவேரைப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் துணியை இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும், மற்ற இடத்தில் ஏறிய மங்கல் வெயிலிலும் துவைப்பிலும் போய்விடும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடத்தை எல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். மஞ்சள் கடைசியில். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாத துணியை ஐரோப்பா அதுவரை கண்டதில்லை.

அவர்களுடைய பட்டு, கம்பளி நெசவாளர்கள் பயந்துபோனார்கள். 1686இல் இந்த வண்ணத் துணியை பிரான்ஸில் விற்கவும் உடுத்தவும் தடை போட்டார்கள். 1759 வரை நீடித்தது. தடை இருக்கும்போதே கம்பெனி துணியைக் கொண்டுவந்து மறு ஏற்றுமதிக்கென்று ஏலம் விட்டது, அதில் ஒரு பகுதி கள்ளத்தனமாக உள்ளூரிலேயே புழங்கியது. பெரிய இடத்துப் பெண்கள் தடையை மீறி உடுத்தினார்கள். இன்னொரு பக்கம் தொழில்நுட்பத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சி. 1734 வாக்கில் பொலியூ என்ற கப்பல் அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயப்பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியையும் வெட்டி எடுத்துப் போனார். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1742இல் கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார் காரைக்காலில் இருந்து இதே வேலையை விளக்கிக் கடிதம் எழுதினார். தடை நீங்கிய மறு ஆண்டே ஓபர்காம்ப் பாரிஸ் அருகே ஷூயியில் அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கிவிட்டார். பொலியூவின் பெயர் தெரிகிறது, பாதிரியாரின் பெயர் தெரிகிறது, ஓபர்காம்ப்பின் பெயர் தெரிகிறது. கற்றுக்கொடுத்த பட்டறைக்காரர்களின் ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது என்னை வாட்டியது அதுதான்.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆயா முத்தியால்பேட்டையில தறி போட்டவங்கம்மா" என்றார். எனக்கு அது புதிய செய்தி. அவருடைய அம்மாவைப் பெற்ற ஆயா தறிக்காரர் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அன்று இரவு ரென் திரும்பும்வரை அந்த ஆயாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

இந்தத் துணிக்கதையில் கசப்பான பக்கம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பெருமைப்பட முடியாது. புதுச்சேரியைச் சுற்றி அவுரியில் தோய்த்த நீலத் துணி, கினே என்ற பெயரில், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்துப் பிசினும் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். கம்பெனிக்கு செனகலிலும் கிடங்குகள் இருந்தன. லோரியானில் இருந்து அடிமைக் கப்பல்களும் புறப்பட்டன. நம் ஊர்த் தொட்டியில் நீலம் முக்கியவருக்கு அந்தத் துணி எங்கே போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. நமக்கு இப்போது தெரியும்.

கோட்டைக்கு வெளியே வந்தால் ஒரு நினைவிடம். 1944இல் ஜெர்மானியர் இந்தக் கோட்டையில் அடைத்துவைத்துச் சுட்டுக்கொன்ற 69 எதிர்ப்புப் போராளிகளுக்கானது. லோரியான் பகுதி ஜெர்மானியர் பிடியில் போர் முடியும்வரை இருந்ததால், 1945 மே மாதம்தான் உடல்களைக் கண்டெடுத்தார்கள். சித்தப்பா தொப்பியைக் கழற்றி, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பாரிஸில் இருந்து சேன் மாலோவுக்கு வேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள், லோரியானுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் கூட்டமும் அறை வாடகையும் தாங்காது. ஆனால் லோரியானில் கெல்டிக் இசைவிழா நடப்பதும் ஆகஸ்டில்தான், இசை பிடித்தவர்கள் யோசிக்கலாம். எந்த மாதமாக இருந்தாலும் மழைச் சட்டை வேண்டும். குடை காற்றில் நிற்காது. கர்னாக்கையும் உள்நாட்டுக் கிராமங்களையும் பார்க்க வாடகைக் கார் எடுப்பதுதான் உத்தமம். கிளம்புவதற்கு முன் ஆனந்தரங்கப் பிள்ளையின் 1746ஆம் ஆண்டுக் குறிப்புகளை மட்டுமாவது படித்துவிடுங்கள், சேன் மாலோ மதில் வேறு மாதிரித் தெரியும். கடலோரப் பாறைமேல் மடாலயம் நிற்கிற மோன் சேன் மிஷேலையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நார்மண்டி எல்லையில்தான் இருக்கிறது, சேன் மாலோவில் இருந்து ஒரு மணி நேரம். தாராளமாகப் போகலாம். ஆனால் கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் லோரியானில் இறங்கி, படகேறிப் போர் லூயிக்குப் போங்கள். மோன் சேன் மிஷேலை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.